மார்ச் 13 பச்சை, மார்ச் 24 பச்சை: ஒரு சரிவைக் கேண்டில் கேண்டிலாகப் படித்தது

சார்ட் படிக்கக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு முதல் நாளே ஒரு படத்தைக் காட்டுவேன். தேதியை மறைத்திருப்பேன், எந்தச் சந்தை என்றும் சொல்ல மாட்டேன். மேலே உச்சியில் குட்டிக் குட்டி கேண்டில்கள், பிறகு ஒரு பெரும் சரிவு. ஒரு கேண்டில் என்றால் ஒரு நாள்: ஓபனுக்கும் (முதல் விலை) குளோஸுக்கும் (கடைசி விலை) இடையே உள்ள கட்டைதான் பாடி, அதிலிருந்து நாளின் ஹை (உச்ச விலை), லோ (அடி விலை) வரை நீளும் கோடுகள்தான் நிழல். ஏறி முடிந்த நாள் பச்சை, இறங்கி முடிந்த நாள் சிவப்பு. "இதில் எங்கே வாங்குவீர்கள்?" என்று கேட்பேன். பெரும்பாலானவர்களின் விரல் ஒரே கேண்டிலில் போய் நிற்கும். நெட்டையான பச்சை கேண்டில், மேல் நிழல் இல்லவே இல்லை என்று சொல்லலாம், முந்தைய நாளின் சிவப்பை விழுங்கிய மாதிரி தெரியும். அடுத்த கேண்டிலைத் திறந்து காட்டியதும் பேச்சு நின்றுவிடும். அந்த ஒரே நாளில் குறியீடு 11.98 சதவீதம் விழுந்திருக்கும்.

அது 2020 மார்ச் 13-ம் 16-ம். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு. பிப்ரவரி 19 அன்று 3386.15-ல் முடிந்த குறியீடு, 23 வர்த்தக நாட்களில், மார்ச் 23 அன்று 2237.40-க்கு வந்தது. ஏறக்குறைய 34 சதவீத இறக்கம். பாடப்புத்தகத்தில் இருக்கும் பேட்டர்ன்களில் (பெயர் வைத்த கேண்டில் உருவங்களில்) பாதி இந்த ஒரு மாதத்துக்குள் வந்து போனது. சில வேலை செய்தன, சில காலை வாரிவிட்டன. அதனால்தான் இந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்தேன்.

கணக்கு வைத்துக்கொள்ளும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த டிரேடிலும் மொத்த முதலில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கத் தயாரில்லை என்று வைத்துக்கொள்வோம். என்ட்ரி, அதாவது டிரேடில் நுழைவது, பேட்டர்ன் முடிந்த நாளின் குளோஸில். ஸ்டாப் லாஸ், அதாவது கணிப்பு தப்பானால் வெளியேறும் விலை, வாங்குவதானால் பேட்டர்னின் லோவுக்குக் கீழே, விற்பதானால் (முதலில் விற்று, விலை இறங்கியதும் வாங்கி முடிப்பது) ஹைக்கு மேலே. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் எத்தனை சதவீதமோ, அதை வைத்துப் பொசிஷன் அளவு, அதாவது டிரேடில் போடும் தொகை: 1 சதவீதத்தை அந்தத் தூரத்தால் வகுத்தால் வருவது. குறியீட்டை நேரடியாக வாங்க முடியாது, இடிஎஃப் (குறியீட்டைப் பின்தொடரும் நிதி) மூலமோ ஃபியூச்சர் (பிற்பாடு ஒரு தேதிக்கான ஒப்பந்தம்) மூலமோதான் முடியும் என்பதால், கீழே வரும் எண்களோடு உண்மையான விலைகள் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

உச்சியில் தொங்கிய கேண்டில்

பிப்ரவரி 19-ன் கேண்டிலைப் பார்த்தால் எதுவுமே தோன்றாது. ஹைக்கும் லோவுக்கும் இடையே வெறும் 14.69 புள்ளி. சந்தை மூச்சை அடக்கிக்கொண்டிருந்த மாதிரி ஒரு நாள். மறுநாள் 20-ம் தேதி: ஓபன் 3380.45, ஹை 3389.15, லோ 3341.02, குளோஸ் 3373.23. பாடி 7 புள்ளி, கீழ் நிழல் 32 புள்ளி, அதாவது பாடியைப் போல நான்கு மடங்குக்கு மேல். நீண்ட ஏற்றத்தின் உச்சியில் இப்படி வந்தால் ஹேங்கிங் மேன் என்பார்கள், இறக்கம் வரலாம் என்ற எச்சரிக்கை. மேல் நிழல் ஒன்பது புள்ளிக்குச் சற்றுக் குறைவு, இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் உருவம் அதுவேதான்.

அந்த நிழல் சொல்லும் செய்தி எளிமையானது. பகலில் யாரோ பெரிய அளவில் விற்றிருக்கிறார்கள், இறக்கத்தில் வாங்கியே பழகியவர்கள் வந்து தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். தூக்கியவர்கள் மறுநாளும் நிற்பார்களா என்பதுதான் கேள்வி. 21-ம் தேதி குளோஸ் 3337.75. முந்தைய நாள் லோவுக்கும் கீழே. நிழலில் வாங்கிய அத்தனை பேரும் நஷ்டத்தில் வார இறுதிக்குள் போனார்கள். பேட்டர்ன் உறுதியானது.

இங்கே விற்றிருந்தால் ஸ்டாப் 19-ம் தேதியின் ஹையான 3393.52-க்கு மேலே. தூரம் 56 புள்ளி, 1.67 சதவீதம். 1 சதவீத விதிப்படி மொத்த முதலில் 60 சதவீதம் வரை பொசிஷன் எடுக்கலாம். பின்னோக்கிப் பார்த்தால் ஆண்டின் மிகச் சிறந்த டிரேட். ஆனால் அன்றைக்கு இருந்தவர் கண்ணில் வேறொன்றும் இருந்தது: ஜனவரி 31 அன்று குறியீடு 1.77 சதவீதம் விழுந்து 3225.52-ல் முடிந்தது, மூன்றே வாரத்தில் புதிய உச்சம் கண்டுவிட்டது. அங்கே விற்றவர்கள் சூடு பட்டவர்கள். அவர்களில் பலர் பிப்ரவரி 21 அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன்.

24-ம் தேதி திங்கட்கிழமை கேப் டவுன், அதாவது முந்தைய நாளின் விலைகளுக்குக் கீழே இடைவெளி விட்டுத் திறந்தது. ஓபன் 3257.61. அதன் பிறகு யாருக்கும் பேட்டர்ன் தேவைப்படவில்லை.

கரும் மேகம்

பிப்ரவரி 28-ல் கீழ் நிழல் நீண்ட ஒரு பச்சை கேண்டில். லோ 2855.84, குளோஸ் 2954.22. பாடி 37, நிழல் 61. நிழல் பாடியைப் போல இரு மடங்கு இருக்க வேண்டும் என்ற ஹேமர் (இறக்கம் திரும்பலாம் என்று காட்டும் உருவம்) இலக்கணத்துக்குக் கொஞ்சம் குறைவு. அன்று பிற்பகல் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஜெரோம் பவல், பொருளாதாரத்தைத் தாங்க வேண்டியதைச் செய்வோம் என்று அறிக்கை விட்டார். மார்ச் 2 அன்று 4.6 சதவீத ஏற்றம்.

இப்போது மார்ச் 3-க்கு வருகிறேன். இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பிடித்த கேண்டில் இதுதான். அன்று காலை மத்திய வங்கி, வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல், வட்டியை அரை சதவீதம் குறைத்தது. சந்தைக்கு இதைவிட நல்ல செய்தி அந்த நேரத்தில் கிடையாது. கேண்டில் என்ன காட்டியது? ஓபன் 3096.46, முந்தைய நாளின் ஹையான 3090.96-க்கும் மேலே. ஹை 3136.72. குளோஸ் 3003.37. மார்ச் 2-ன் பச்சை பாடியின் நடுப்புள்ளி 3032.26. அதற்கும் கீழே போய் முடிந்திருக்கிறது. முந்தைய ஹைக்கு மேலே திறந்து, முந்தைய பாடியின் பாதிக்குக் கீழே முடிவது: டார்க் கிளவுட் கவர், இறக்கத்துக்கான அறிகுறி, இலக்கணம் ஒரு எழுத்து பிசகாமல்.

நல்ல செய்திக்குச் சந்தை விழுந்தால், விற்பதற்கு வாய்ப்புக்காகக் காத்திருந்தவர்கள் அந்தச் செய்தியைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று பொருள். செய்தி மட்டும் படித்தவருக்கு இது தெரியாது. கேண்டில் மட்டும் படித்தவருக்கும் பாதிதான் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படம் பளிச்சென்று விளங்கும்.

3003.37-ல் விற்று, 3136.72-க்கு மேலே ஸ்டாப் வைத்திருந்தால் தூரம் 133 புள்ளி, 4.44 சதவீதம். பொசிஷன் 22 சதவீதத்துக்கு மேல் ஆகாது. பதினொரு நாளுக்கு முன் 60 சதவீதம் எடுக்க முடிந்த அதே விதி, இப்போது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகத்தான் அனுமதிக்கிறது. கேண்டில்கள் நீண்டுவிட்டன, அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் மார்ச் 4. குறியீடு 4.22 சதவீதம் எழும்பி 3130.12-ல் முடிந்தது. ஹை 3130.97. ஸ்டாப்பிலிருந்து ஆறு புள்ளிகூட இல்லை. விற்றவர் அன்றைய இரவைக் கழித்திருக்கும் விதத்தை நினைத்துப் பார்க்கிறேன். பேட்டர்ன் பொய்த்துவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும். திரையில் நஷ்டம் 4.22 சதவீதம். பயந்து வெளியே வந்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் பேட்டர்னின் ஹை உடையவில்லை. 5-ம் தேதி 3023.94. 9-ம் தேதி காலை சந்தை திறந்த சில நிமிடங்களில் 7 சதவீத இறக்கம், சர்க்கிட் பிரேக்கர், 15 நிமிடம் வர்த்தகம் நிறுத்தம்.

ஸ்டாப்பைப் பேட்டர்னின் முனையில் வைப்பதற்குப் பதிலாக, "100 புள்ளி போதும்" என்று வசதிக்கு ஏற்றபடி வைத்திருந்தால் மார்ச் 4 அன்றே வெளியே தள்ளப்பட்டிருப்பார். சரியாகப் படித்தும் பணம் கிடைத்திருக்காது. என்னிடம் கற்பவர்களிடம் நான் கோபித்துக்கொள்ளும் ஒரே விஷயம் இதுதான்: சார்ட் காட்டும் இடத்தில் ஸ்டாப் வைத்துவிட்டு அளவைக் குறைக்க வேண்டியதிருக்க, ஆசைப்பட்ட அளவை எடுத்துவிட்டு அதற்கேற்ப ஸ்டாப்பை நெருக்குகிறார்கள்.

ஏமாற்றிய பச்சை

மார்ச் 12 வியாழன்: 9.51 சதவீத இறக்கம், குளோஸ் 2480.64. மார்ச் 13 வெள்ளி: ஓபன் 2569.99, ஹை 2711.33, லோ 2492.37, குளோஸ் 2711.02. ஏற்றம் 9.29 சதவீதம். நான் மாணவர்களிடம் காட்டும் கேண்டில் இது.

கண்ணுக்குப் புல்லிஷ் எங்கல்ஃபிங் (ஏற்றத்துக்கான அறிகுறி) மாதிரி தெரிகிறது. அளந்து பாருங்கள். எங்கல்ஃபிங் என்றால் முந்தைய பாடியை முழுதாக விழுங்க வேண்டும், அதாவது 2480.64-க்குக் கீழே திறந்திருக்க வேண்டும். திறந்தது 89 புள்ளி மேலே. பியர்சிங் லைனும் (முந்தைய சிவப்பு பாடியின் பாதிக்கு மேல் மீளும் பச்சை) கிடையாது, அதற்கும் கீழேதான் திறக்க வேண்டும். இலக்கணப்படி இதற்குப் பெயரே இல்லை. பெயர் வைத்தது நம் ஆசை.

கேண்டில் காட்டாத இன்னொன்றும் உண்டு. அன்று குறியீடு செங்குத்தாக எழும்பியது கடைசி அரை மணி நேரத்தில். அதிபர் தேசிய அவசரநிலையை அறிவித்துப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ஓபன், ஹை, லோ, குளோஸ் என்ற நான்கு எண்களில் நாளின் பாதை கிடையாது. காலையிலிருந்து படிப்படியாக ஏறிய நாளும், கடைசி அரை மணியில் சீறிய நாளும் தினசரி சார்ட்டில் ஒரே மாதிரி நெட்டையான பச்சையாகத்தான் நிற்கும். பெரிய கேண்டில் வரும் நாளில் ஒரு தடவை 30 நிமிட சார்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு நிமிட வேலை.

அதற்கு மேல் வெள்ளிக்கிழமை. ஞாயிறு மாலை மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்கும் கால் சதவீதத்துக்கும் இடையே கொண்டுவந்தது, 70,000 கோடி டாலருக்குப் பத்திரங்களை வாங்குவதாக அறிவித்தது. அன்றிரவே ஃபியூச்சர் 5 சதவீதம் இறங்கி வரம்பில் போய் நின்றுவிட்டது. வரம்பில் நிற்கும்போது அதற்குக் கீழே விற்க முடியாது. திங்கள் காலை குறியீடு 2508.59-ல் திறந்தது, ஏறக்குறைய ஏழரை சதவீதம் கீழே, திறந்த கையோடு சர்க்கிட் பிரேக்கர். குளோஸ் 2386.13. சந்தையின் பதற்றத்தை அளக்கும் வி.ஐ.எக்ஸ் குறியீடு அன்று 82.69-ல் முடிந்தது, அதன் வரலாற்றிலேயே உயர்ந்த குளோஸ். பிப்ரவரி 19 அன்று அது 14.38.

2711.02-ல் வாங்கி 2492.37-க்குக் கீழே ஸ்டாப் வைத்தவரின் கணக்கு: தூரம் 8.07 சதவீதம், ஆகவே பொசிஷன் மொத்த முதலில் 12.4 சதவீதம். ஸ்டாப் நினைத்த விலையில் விழாமல், மிக மோசமாக, அன்றைய குளோஸில்தான் வெளியே வர முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். நஷ்டம் பொசிஷனில் 12 சதவீதம், மொத்த முதலில் ஒன்றரை சதவீதம். திட்டமிட்டதைவிட அரை சதவீதம் கூட. வலிக்கும், ஆனால் செவ்வாய்க்கிழமை மறுபடி சார்ட்டைத் திறந்து உட்காரலாம். முழு முதலையும் போட்டவர் ஒரே நாளில் எட்டில் ஒரு பங்கை இழந்தார். இருவரும் படித்தது ஒரே கேண்டிலைத்தான், இருவரும் தப்பாகத்தான் படித்தார்கள்.

அதே உருவம், வேறு முடிவு

"அப்படியானால் நெட்டைப் பச்சையை நம்பவே கூடாதா?" என்று கேட்பார்கள். அதற்கு 2018 டிசம்பர் 26-ஐ எடுத்துக் காட்டுவேன். 24-ம் தேதி குறியீடு 2.71 சதவீதம் விழுந்து, நாளின் லோவான 2351.10-லேயே முடிந்தது. 26-ம் தேதி ஓபன் 2363.12, லோ 2346.58, ஹை 2467.76, குளோஸ் 2467.70. 4.96 சதவீத ஏற்றம். அமெரிக்காவின் இன்னொரு குறியீடான டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் ஆயிரம் புள்ளிக்கு மேல் ஏறியது அதுதான் முதல் முறை. கவனியுங்கள், இதுவும் இலக்கணப்படி எங்கல்ஃபிங் கிடையாது. முந்தைய குளோஸுக்கு 12 புள்ளி மேலேதான் திறந்தது. ஆனாலும் இந்தக் கேண்டிலின் லோ அடுத்து உடைந்தது 2020 மார்ச் 18-ல். ஏறத்தாழ பதினைந்து மாதம் தாங்கியது.

டிசம்பர் 26 மாலையும் மார்ச் 13 மாலையும் கேண்டிலை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடிந்திருக்காது. பிரித்துக் காட்டியது அடுத்த கேண்டில். 2018 டிசம்பர் 27 அன்று குறியீடு 2397.94 வரை விழுந்தது, பிறகு மொத்தத்தையும் மீட்டு 2488.83-ல், முந்தைய குளோஸுக்கும் மேலே, முடிந்தது. விற்க வந்தவர்களை வாங்குபவர்கள் பகிரங்கமாகத் தோற்கடித்த நாள். ஒரு நாள் பொறுத்து வாங்கியவர் கூடுதலாகக் கொடுத்தது 21 புள்ளி, ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மார்ச் 13-ல் அதே பொறுமை 12 சதவீதத்தைக் காப்பாற்றியிருக்கும்.

ஆய்வாளர்களும் இதில் ஒரு குரலில் பேசவில்லை. 1998-ல் கஜினால்ப், லாரன்ட் இருவரும் எஸ் அண்ட் பி 500 பங்குகளில் மூன்று நாள் பேட்டர்ன்களைச் சோதித்து, அவற்றுக்கு முன்கணிப்புத் திறன் இருப்பதாக எழுதினார்கள். 2006-ல் மார்ஷல், யங், ரோஸ் மூவரும் டவ் ஜோன்ஸ் பங்குகளின் 1992 முதல் 2002 வரையான விலைகளில் சோதித்து, லாபம் தருவதற்கான ஆதாரம் இல்லை என்றார்கள். பேட்டர்ன் பெயரை மட்டும் வைத்து இயந்திரம்போல் வாங்கி விற்றால் பிழைக்க முடியும் என்று நானும் நம்பவில்லை. எங்கே வந்தது, எதற்குப் பின் வந்தது, மறுநாள் என்ன நடந்தது என்று சேர்த்துப் படிக்கும்போதுதான் கேண்டில் பேசுகிறது.

அடித்தளம்

மார்ச் 23-ன் கேண்டிலைத் தனியாகப் பார்த்தால் அதுதான் சரிவின் அடித்தளம் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. ஓபன் 2290.71, ஹை 2300.73, லோ 2191.86, குளோஸ் 2237.40. சிவப்பு. பாடி 53, கீழ் நிழல் 46. ஹேமர் கிடையாது, டோஜி (ஓபனும் குளோஸும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது) கிடையாது. அன்று காலை மத்திய வங்கி அளவு வரம்பில்லாமல் பத்திரங்களை வாங்குவோம் என்று அறிவித்திருந்தது. அப்படியும் சந்தை 2.93 சதவீதம் இறங்கித்தான் முடிந்தது.

மறுநாள் கதை வேறு. ஓபன் 2344.44, அதுவே நாளின் லோவும்கூட. குளோஸ் 2447.33, ஏற்றம் 9.38 சதவீதம். மூன்று நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். மார்ச் 20: 2431.94-லிருந்து 2304.92 வரை நீண்ட சிவப்பு பாடி. 23: அதற்குக் கீழே, அதில் பாதிக்கும் குறைவான பாடி. 24: முதல் பாடியின் நடுப்புள்ளியான 2368.43-ஐ மட்டுமல்ல, அதன் ஓபனையே தாண்டிய பச்சை. மார்னிங் ஸ்டார், இறக்கம் திரும்புவதைக் காட்டும் மூன்று நாள் பேட்டர்ன். மார்ச் 13-க்குக் கிடைக்காத பெயர் இதற்குக் கிடைக்கிறது. அதைவிட முக்கியமாக, 23-ன் ஹைக்கும் 24-ன் லோவுக்கும் நடுவே 44 புள்ளிக்கு ஒரு கேப் விழுந்திருந்தது.

ஆனால் விலை கொடுக்க வேண்டியிருந்தது. பேட்டர்ன் முடிந்தபோது குறியீடு ஏற்கெனவே 9.38 சதவீதம் மேலே. 2018 டிசம்பரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்த பொறுமையின் விலை இங்கே பத்து மடங்குக்கும் மேல். ஸ்டாப் 2191.86-க்குக் கீழே, தூரம் 10.44 சதவீதம், பொசிஷன் மொத்த முதலில் 9.6 சதவீதம். ஆண்டின் மிகச் சிறந்த வாங்கும் வாய்ப்பில், விதியைப் பின்பற்றுபவர் போட முடிந்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிற்பாடு சார்ட்டைப் பார்ப்பவர்களுக்கு இது கஞ்சத்தனமாகத் தோன்றும். பதினொரு நாளுக்கு முன் இதே அளவு நெட்டையான பச்சையில் வாங்கி அடி வாங்கியவருக்கு அப்படித் தோன்றாது.

உடனே பறக்கவும் இல்லை. மார்ச் 26 அன்று 2630.07-ல் முடிந்த குறியீடு, ஏப்ரல் 1 அன்று மறுபடி 2470.50-ல் வந்து நின்றது. என்ட்ரிக்கு 23 புள்ளி மேலே. ஒரு வாரத்து லாபம் ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிட்டது. இந்த இடத்தில் சார்ட்டில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: 2344.44-க்கும் 2300.73-க்கும் இடையிலான கேப். மார்ச் 24-க்குப் பிறகு அந்தக் கேப்பின் மேல் விளிம்பைக்கூட விலை தொடவில்லை. தொடாத வரை வாங்கியவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஏப்ரல் 6 திங்கட்கிழமை 7.03 சதவீத ஏற்றத்தோடு, 2663.68-ல் மீண்டும் ஒரு நெட்டைப் பச்சை விழுந்தது. அப்போது ஸ்டாப்பை என்ட்ரி விலைக்கு மேலே நகர்த்த இடம் கிடைத்தது.